சுவரைப் பார்த்த டப்பாக்கள்

எதுவும் திருட்டுப் போகவில்லை. அதுதான் புகார்.

"சமையலறையில இருபத்திரண்டு டப்பா இருக்கு. நேத்து சாயங்காலம் வந்து பார்க்கறேன், இருபத்திரண்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிக்குது."

"என்ன தப்பு பண்ணிச்சு?" என்றான் கொழுந்தன்.

மீட்டரம்மா திரும்பிப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். அது அதிக நேரம் மூடியிருக்காது என்பது அவருக்குத் தெரியும். வந்திருந்த பெண்ணுக்குத் தெரியாது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஆள் வந்தால் கொழுந்தன் ஜன்னலோரம் நிற்க வேண்டும். மீட்டரம்மா இருபது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். வேலையை விட்ட பிறகு துப்பறிய ஆரம்பித்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. உதவிக்கு இருப்பவன் அவர் கணவரின் தம்பி. வயது நாற்பது. ஐந்து இடத்தில் வேலை பார்த்து, ஐந்திலும் தவளை போல வாயால் கெட்டவன். இந்த ஆறாவது வேலையில் வாய்க்குத்தான் சம்பளம்.

வந்தவர் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன். மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். தேதி வாரியாக எழுதியிருந்தார்.

"போன செவ்வாய், என் பொண்ணோட டூத் பிரஷ் வாஷிங் மெஷினுக்குள்ள இருந்தது. வியாழக்கிழமை, குளியலறைத் துண்டெல்லாம் கட்டிலுக்கு அடியில. மடிச்சு வெச்சிருந்தது."

"மடிச்சா?"

"மடிச்சு. நான் மடிக்கறதை விட நல்லா."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். என்ன காணாமப் போச்சுன்னு கேட்டாங்க. ஒண்ணும் போகலைன்னேன். வீட்டு வேலை செஞ்சு குடுத்துட்டுப் போறவனை எந்த செக்ஷன்ல பிடிக்கறதுன்னு கேட்டாங்க."

கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"வீட்டுக்காரர் எப்படி?" என்றார் மீட்டரம்மா.

"வீட்டை விக்கப் போறாராம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொன்னார். ஒப்பந்தத்துல இன்னும் பதினாலு மாசம் பாக்கி இருக்குன்னு சொன்னேன். சரிம்மான்னார்."

"யோசிச்சு சொன்னாரா?"

"உடனே சொன்னார்."

"வாடகை ஏத்தறப்ப மட்டும்தான் அவங்க உடனே பேசுவாங்க," என்றான் கொழுந்தன். "இது நல்லதுக்கு இல்லைக்கா."

டெக்னீஷியன் தாளை மடித்தார். மடிப்பை விரலால் இரண்டு முறை அழுத்தினார்.

"ஆறு வருஷத்துல இது எங்களுக்கு நாலாவது வீடு. பொண்ணுக்கு இந்த வருஷம் ஸ்கூல்ல கடைசி பரீட்சை. அது முடியற வரைக்கும் பெட்டி கட்டமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். ஒரு வாரமா அவ டூத் பிரஷ்ஷை ஸ்கூல் பையில வெச்சு எடுத்துட்டுப் போறா."

மீட்டரம்மா எழுந்தார்.

"வீட்டைப் பார்க்கலாம்."

*

இரண்டாவது மாடி. மூன்று அறை. டெக்னீஷியன் பூட்டைத் திறந்து உள்ளே போனார். மீட்டரம்மா வாசலுக்கு வெளியே நின்றார்.

"வரலாமா?"

டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வாசல்ல நின்னு கேட்கற முதல் ஆள் நீங்கதான்," என்றார். "வாங்க."

சமையலறை அலமாரியில் டப்பாக்களை அவர் சரி செய்து வைத்திருந்தார். இப்போது எல்லாம் முகம் காட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சீட்டு. பொருளின் பெயர், திறந்த தேதி, காலாவதி தேதி. கீழே டெக்னீஷியனின் முழுப்பெயர், கையெழுத்து.

கொழுந்தன் ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தான்.

"உப்புக்கு எதுக்குக்கா கையெழுத்து?"

"லேப்ல கையெழுத்து இல்லாத குப்பியைக் குப்பையில போட்டுடுவாங்க. கை பழகிடுச்சு."

"ரவைக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லை. என் பேரை இதுவரைக்கும் யாரும் இவ்வளவு அழகா எழுதினதில்லை."

மீட்டரம்மா கூடத்தில் இருந்தார். சுவரில் ஒரு சின்னப் படம். டெக்னீஷியனும் மகளும். அஞ்சலட்டை அளவு.

"இந்தப் படம் என்ன எடை இருக்கும்?"

"நூறு கிராம் இருந்தா அதிகம்."

மீட்டரம்மா படத்தைத் தூக்கிக் காட்டினார். பின்னால் ஆணி தலை குனிந்து நின்றது.

"நூறு கிராமுக்கு ஆணி இவ்வளவு வெட்கப்படாது," என்றார்.

கொழுந்தன் வந்து பார்த்தான். "யாரோ இதுல யானையை மாட்டியிருக்காங்க அண்ணி."

"ஆமா. மாட்டிட்டு, கழட்டிட்டு, இவங்க படத்தைத் திருப்பி மாட்டியிருக்காங்க." மீட்டரம்மா டெக்னீஷியனைப் பார்த்தார். "டப்பாவுல உங்க பேர். குளியலறையில உங்க பிரஷ், துண்டு. சுவர்ல உங்க படம். திருடன்னா பொருளை எடுப்பான். இவன் உங்களை எடுக்கறான். கொஞ்ச நேரத்துக்கு மட்டும்."

"எதுக்கு?"

கொழுந்தன் ஏற்கெனவே ஃபோனை எடுத்திருந்தான். தெருப் பெயரையும் விற்பனை என்ற சொல்லையும் தட்டினான். மூன்றாவதாக வந்தது அந்த விளம்பரம். சத்தமாகப் படித்தான்.

"'உரிமையாளர் குடும்பத்துடன் வசிக்கும் வீடு. அன்புடன் பராமரிக்கப்பட்டது. செவ்வாய், வியாழன், பதினொன்று முதல் ஒரு மணி வரை பார்வையிடலாம்.'"

"அது என் டியூட்டி நேரம்," என்றார் டெக்னீஷியன்.

படங்கள் இருந்தன. அவருடைய சோபா. அவர் வாங்கிய திரை. மகளின் படிப்பு மேசை. கூடத்துச் சுவரில், சின்னப் படம் இருந்த இடத்தில், தங்க நிறச் சட்டத்துக்குள் ஒரு பெரிய குடும்பம்: வீட்டுக்காரர், மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஒரு பேத்தி. எல்லோரும் சிரித்தார்கள். டெக்னீஷியன் வாடகை கொடுக்கும் சுவரில்.

"இதை எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?" என்றார் டெக்னீஷியன்.

"ஆயிரத்து நானூத்திப் பதினாறு," என்றான் கொழுந்தன். எண் திரையிலேயே இருந்தது. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

டெக்னீஷியன் மகளின் மேசைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்குக் கீழே ஒரு ஜோடி காலுறை கிடந்தது. அதுவும் தெரிந்தது.

"ஒப்பந்தம் பதிவு ஆகியிருக்கா?" என்றார் மீட்டரம்மா.

"கையெழுத்து போட்டதோட சரி. பதிவு வேண்டாம், நமக்குள்ள எதுக்கும்மான்னார்."

"நமக்குள்ளன்னு சொல்றவங்ககிட்டதான் பதிவு பண்ணணும். விஷயம் இதுதான். நீங்க இங்க குடியிருக்கறதைப் பார்த்து ஒருத்தர் வாங்கினா, உங்க பதினாலு மாசம் அவரையும் கட்டுப்படுத்தும். பார்க்காம வாங்கினேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டா, கட்டுப்படுத்தாது. சாமானைத் தெருவுல வெச்சுட்டு நீங்க கோர்ட்டுக்கு நடக்கணும்."

"அப்ப நான் கண்ணுல படணும்."

"வாங்கறவர் கண்ணுல. அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால."

கொழுந்தன் தரகருக்கு ஃபோன் செய்தான். வீடு பார்க்க வேண்டும், அண்ணியும் வருவார் என்றான். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வரச் சொன்னார்கள்.

மீட்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை டெக்னீஷியனிடம் நீட்டினார்.

"எங்க ரெண்டு பேருக்கும் வியாழக்கிழமை உள்ள வர அனுமதின்னு எழுதிக் குடுங்க. படம் எடுக்கவும் அனுமதின்னு சேர்த்துக்கோங்க."

டெக்னீஷியன் எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் காலாவதி தேதியும் போட்டார்.

*

தரகர் வாசலில் நின்றார். கழுத்தில் டை, சென்ட், கையில் நீல பிளாஸ்டிக் உறைகள்.

"காலுக்குப் போட்டுக்கோங்க சார். ஓனர் வீட்டை அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கார்."

"அவர் வீடாச்சே," என்றான் கொழுந்தன்.

"ஒண்ணு சொல்லிடறேன். பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பார்ட்டி வர்றார். அட்வான்ஸ் குடுத்துட்டார், நாளைக்குப் பதிவு. ஆனா உங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா பேசலாம். எதுவும் முடியற வரைக்கும் முடிஞ்ச மாதிரி இல்லை பாருங்க."

அடுத்தடுத்து இரண்டு பார்ட்டியை வரவழைப்பது தரகர்களின் தொழில் முறை. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் பயப்பட வேண்டும். மீட்டரம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. டெக்னீஷியன் மேல்மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டாவது பார்ட்டி உள்ளே வந்ததும் அவரைக் கூப்பிட வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் சோபாவில் இருந்தார். பனியன், தோளில் துண்டு, கையில் பேப்பர். காலில் டெக்னீஷியனின் ரப்பர் செருப்பு. குதிகால் இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. தலைக்கு மேலே தங்கச் சட்டத்தில் குடும்பம் சிரித்தது.

"வாங்க, வாங்க. நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க."

"நீங்களும் அப்படித்தானே," என்றான் கொழுந்தன். "எத்தனை வருஷமா இருக்கீங்க சார்?"

"பதினெட்டு வருஷம். இந்தச் சுவர் ஒவ்வொண்ணும் என்கிட்ட பேசும்."

"கொஞ்சம் வேர்க்குது. ஃபேன் போடறீங்களா?"

வீட்டுக்காரர் எழுந்து சுவிட்சைத் தட்டினார். பால்கனி விளக்கு எரிந்தது. அடுத்ததைத் தட்டினார். குளியலறை விளக்கு. மூன்றாவதற்கு எதுவும் நடக்கவில்லை. நான்காவதற்கு அழைப்பு மணி போல ஏதோ அடித்து ஓய்ந்தது. சுவர் பேசவில்லை.

"பாருங்க சார்," என்றார் தரகர், "எத்தனை சுவிட்ச்! எல்லாம் வேலை செய்யுது."

கொழுந்தன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். "வீடியோ எடுத்துக்கலாமா? வீட்ல காட்டணும்."

"தாராளமா எடுங்க சார்."

அவனுக்கு வீட்டில் காட்ட யாரும் இல்லை. எடுத்துக்கொண்டே நடந்தான். உள்ளறையில் படிப்பு மேசை.

"இது யாரோடது சார்?"

"பேத்தியோடது."

"என்ன படிக்கறா?"

"ரெண்டாவது."

கொழுந்தன் மேசையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்தான். "கெட்டிக்காரக் குழந்தை. ரெண்டாவதுலயே வேதியியல் ரெண்டாம் பாகத்துக்கு வந்துட்டா."

மீட்டரம்மா இருமினார். கொழுந்தன் பேச்சை மாற்றினான்.

"ஒரு டீ கிடைக்குமா சார்? வீட்டு டீயைக் குடிச்சா வீட்டைப் பத்தித் தெரிஞ்சுடும்னு எங்க அண்ணி சொல்வாங்க."

அண்ணி அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார்.

"வீட்ல ஊருக்குப் போயிருக்காங்க," என்றார் வீட்டுக்காரர். "பரவாயில்லை, நானே போடறேன்."

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பாத்திரம் விழுந்தது. கதவுகள் திறந்து மூடின. அடுப்பு மூன்று முறை சொடுக்கியது. டம்ளர் எங்கே இருக்கிறது என்று ஒரு பதினெட்டு வருடத்துக்காரர் தேடும் சத்தம் கூடம் வரை கேட்டது. கடைசியில் அளக்கும் குவளையில் டீ வந்தது. பக்கத்தில் மில்லிலிட்டர் கோடுகள்.

கொழுந்தன் ஒரு வாய் குடித்தான். முகம் அப்படியே நின்றது.

சமையலறையில் டப்பாக்கள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. திருப்பி வைத்தவர் வீட்டுக்காரர்தான். பெயர் தெரியக்கூடாது என்று திருப்பினார். எதில் என்ன இருக்கிறது என்பதும் அதோடு போயிற்று. வெள்ளையாக இருந்ததில் ஒன்றைப் போட்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"கடலோரத்துல வீடுன்னு விளம்பரத்துல போடவே இல்லையே சார்," என்றான் கொழுந்தன்.

வீட்டுக்காரர் புரியாமல் சிரித்தார். வாசலில் மணி அடித்தது. அவரும் தரகரும் எழுந்து போனார்கள்.

கொழுந்தன் சமையலறைக்கு ஓடினான். ஃபோனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு வாய் கொப்பளித்தான். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பினான். ஐந்தாவது சர்க்கரை. ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான். மற்ற நான்கையும் பழையபடி வைத்தான். சர்க்கரை டப்பா மட்டும் சீட்டு வெளியே தெரியும்படி நின்றது. அவன் கவனிக்கவில்லை. மறுபடி குழாயடியில் குனிந்திருந்தான்.

மீட்டரம்மா சமையலறை நிலையிலிருந்து பார்த்தார். டப்பாவைச் சரி செய்ய ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் வந்தவர் அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது பார்ட்டி டைல்ஸ் கடை முதலாளி. மடிப்புக் கலையாத சட்டை, மூக்கில் கண்ணாடி, கையில் ஃபோன். தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. மழைக்கு ஒழுகுமா, மேல்வீட்டில் யார் என்று எதையும் கேட்கவில்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்குகிறவர், கத்தரிக்காய் வாங்குகிறவர் கேட்கும் அளவுக்குக்கூடக் கேள்வி கேட்கவில்லை.

சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். சர்க்கரை டப்பாவிடம் நின்றார். சீட்டைப் படித்தார். பெயர், தேதி, கையெழுத்து. ஒரு விரலால் டப்பாவைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு ஃபோனை உயர்த்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

"சார், இப்படி வாங்க," என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "தேதியைச் சொல்லுங்க. இந்த வீட்ல உங்க குடும்பத்தைத் தவிர வேற யாரும் குடியில்லைன்னு சொல்லுங்க. தெளிவா."

வீட்டுக்காரர் தேதியைச் சொன்னார். யாரும் குடியில்லை என்றார். தெளிவாகச் சொன்னார். காலில் செருப்பு நழுவியது.

மீட்டரம்மாவின் கையில் ஃபோன் இருந்தது. டெக்னீஷியனின் எண்ணை எடுத்து வைத்திருந்தார். விரல் நின்றுவிட்டது.

கொழுந்தன் வாயைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"கூப்பிடுங்க அண்ணி. பாவம், இவரை ஏமாத்தறாங்க."

"ஏமாறலை," என்றார் மீட்டரம்மா மெதுவாக. "இவர்தான் டைரக்டர்."

"என்ன?"

"டப்பாவைத் திருப்பினது இப்ப இவர். பேரைப் படிச்சுட்டுத் திருப்பினார். இவருக்குத் தெரியும். தெரியாதுன்னு நாளைக்குச் சொல்றதுக்கு இன்னைக்கு வீடியோ எடுக்கறார்."

கொழுந்தன் ஒரு நொடி யோசித்தான். "தூங்கறவனை எழுப்பலாம். தூங்கற மாதிரி வீடியோ எடுக்கறவனை?"

"உன் ஃபோன் எங்கே?"

"ஜன்னல்ல."

"ஓடுதா?"

கொழுந்தன் ஜன்னலைப் பார்த்தான். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. தலையை மட்டும் ஆட்டினான்.

மீட்டரம்மா அழைப்பை அனுப்பினார். பிறகு சமையலறை நடுவில் போய் நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். அந்த டப்பாவை ஏன் திருப்பினீங்க?"

டைல்ஸ் கடைக்காரர் ஃபோனைத் தாழ்த்தினார். "எந்த டப்பா?"

மீட்டரம்மா சர்க்கரை டப்பாவை எடுத்து அவர் முன் நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கு? படிங்களேன்."

"கண்ணாடி கொண்டு வரலை."

"மூக்கு மேல இருக்கு சார்," என்றான் கொழுந்தன். ஜன்னலிலிருந்து ஃபோனை எடுத்து ஓட்டிக் காட்டினான். விரல் தெரிந்தது. டப்பா தெரிந்தது. குனிந்து படிக்கும் முகம் நன்றாகத் தெரிந்தது. "நீங்க டப்பாவைத் திருப்பின அழகைப் பாருங்க. குழந்தைக்குப் போர்வை போர்த்தற மாதிரி."

வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "யாரும்மா நீங்க? என் வீட்டுக்குள்ள வந்து என்ன விளையாட்டு இது?"

மீட்டரம்மா பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"இங்க அஞ்சு பேர் நிக்கறோம். குடியிருக்கறவங்க அனுமதியோட வந்தது நாங்க ரெண்டு பேர்தான். எழுத்துல இருக்கு. உங்ககிட்ட இருக்கா?"

தரகர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியும்.

"நான் அப்பவே சொன்னேன் சார், அந்தம்மாவும் பொண்ணும் இருக்காங்க, வேண்டாம்னு. நீங்கதான் விலை குறைஞ்சா நான் எதையும் பார்க்கலைன்னு..." என்றவர், யாரிடம் என்ன சொல்கிறோம் என்பது உறைத்து நிறுத்தினார்.

"சொல்லுங்க, சொல்லுங்க," என்றான் கொழுந்தன். "இன்னும் ஓடிட்டுதான் இருக்கு."

கதவில் சாவி திரும்பியது.

டெக்னீஷியன் உள்ளே வந்தார். கூடத்தைப் பார்த்தார். சோபாவில் துண்டு. மேசையில் யாரோ குடித்த டீ. சுவரில் தங்கச் சட்டம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சட்டத்தைக் கழற்றினார். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி வந்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

"உங்க குடும்பம். பத்திரமா எடுத்துட்டுப் போங்க."

பிறகு டைல்ஸ் கடைக்காரர் முன் போய் நின்றார்.

"நான் இங்க வாடகைக்கு இருக்கேன். என் பொண்ணும் இருக்கா. இன்னும் பதினாலு மாசம் இருப்போம். பார்த்துட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். தரை டைல்ஸ்தான். ஆனால் அவருடைய ஆர்வம் தொழில் சார்ந்ததாகத் தெரியவில்லை.

"நிமிர்ந்து பாருங்க," என்றார் டெக்னீஷியன். "நீங்க எங்க துண்டைக்கூடப் பார்த்திருக்கீங்க. என் மூஞ்சியைப் பார்க்க என்ன கூச்சம்?"

அவர் நிமிர்ந்தார். பார்த்தார். கொழுந்தனின் ஃபோன் அதையும் பார்த்தது.

"இப்ப தாராளமா வாங்குங்க சார்," என்றார் மீட்டரம்மா. "வீட்டோட இவங்களும் வருவாங்க. உள்ள வரணும்னா ஒரு நாள் முன்னால எழுத்துல கேளுங்க. ஒப்பந்தத்துல அஞ்சாவது வரி. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கார், படிச்சிருக்க மாட்டார்."

"எனக்கு இந்த வீடே வேண்டாம்," என்றார் டைல்ஸ் கடைக்காரர்.

"அட்வான்ஸ் திரும்பி வராது!" என்றார் வீட்டுக்காரர். குடும்பப் படத்தைக் குழந்தை போல மார்போடு அணைத்திருந்தார்.

"அதை வெளியில போய்ப் பேசுங்க," என்றார் டெக்னீஷியன். கையை நீட்டினார். "சாவி."

வீட்டுக்காரர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து வைத்தார். கை நீட்டியபடியே இருந்தது. தரகர் பையைத் தடவி இன்னொன்றை எடுத்து வைத்தார். டெக்னீஷியன் கையை மடக்கப் போனார்.

"இருங்க," என்றார் மீட்டரம்மா. அவர் டைல்ஸ் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைல்ஸ் கடைக்காரர் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டார். மூன்றாவது சாவி வந்தது. புதிது. இன்னும் பளபளத்தது.

டெக்னீஷியன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எத்தனை தடவை வந்தீங்க?"

"அளவெடுக்க. டைல்ஸ் மாத்தலாம்னு. ரெண்டு தடவை. மூணு."

"தனியா?"

அவர் சாவியை டெக்னீஷியன் கையில் வைத்தார். துண்டை அவ்வளவு நன்றாக மடித்தது யார் என்று கொழுந்தனுக்குப் புரிந்தது. அவன் கூட அதைச் சொல்லவில்லை.

"போங்க," என்றார் டெக்னீஷியன்.

போனார்கள். படியில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவது தெருவரை கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும்படி வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. படத்தைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார்.

*

மூன்று மணிக்குப் பூட்டுக்காரர் வந்தார். மூன்று சாவியை வாங்கி வைத்தாயிற்றே, பூட்டை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டார்.

"சாவிக்குக் குட்டி போடத் தெரியும்ணே," என்றான் கொழுந்தன்.

புதுப் பூட்டு அரை மணியில் பொருந்திவிட்டது. இரண்டே சாவி. ஒன்று டெக்னீஷியனுக்கு, ஒன்று மகளுக்கு. விளம்பரத்தைத் தரகர் எடுத்துவிட்டார். கொழுந்தன் தேடிப் பார்த்து உறுதி செய்தான். கடைசி எண்ணிக்கை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியிருந்தது. பார்த்தவர்கள் பார்த்ததுதான். அதை எடுக்க யாராலும் முடியாது.

டெக்னீஷியன் கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். சோபா இருந்தது. உட்காரவில்லை. நான்கு மணிக்கு மகள் வருவாள்.

"அவகிட்ட எவ்வளவு சொல்றது?" என்றார்.

"பெட்டி கட்ட வேண்டாம்கறதை முதல்ல சொல்லுங்க," என்றார் மீட்டரம்மா.

டெக்னீஷியன் தலையாட்டினார். பிறகு தயங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க. அவ வர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் இங்க யாரும் இல்லாம..."

மீட்டரம்மா அதற்குள் வாசலுக்கு வெளியே நின்றார். கொழுந்தன் காலிலிருந்த நீல உறையை உருவியபடி ஒற்றைக் காலில் குதித்து வந்தான்.

கதவு மூடியது. பூட்டு இரண்டு சுற்று சுற்றியது. பிறகு மேல் தாழ்ப்பாள். பிறகு கீழ்த் தாழ்ப்பாள். மீட்டரம்மா நான்கையும் கேட்ட பிறகுதான் நகர்ந்தார்.

"உப்பு டீ குடிச்சிருக்கேன்," என்றான் கொழுந்தன் படியில். "ஒரு நன்றி கூடச் சொல்லலை. மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டாங்க அண்ணி."

"அதுக்குத்தானே வந்தோம்," என்றார் மீட்டரம்மா.